சிகாகோவிலிருந்து ஸ்கோரருக்கு

சிகாகோ,
ஆகஸ்ட் 17

அன்புள்ள ஸ்கோரருக்கு,

இந்தப் பெயரில் உன்னைக் கூப்பிட்டு எத்தனை வருஷமாயிற்று! இன்று பேனாவை எடுத்ததும் இதுதான் வந்தது. கடிதத்தோடு மடித்து வைத்திருக்கும் அட்டையைப் பார், காரணம் புரியும். கட்டம் கட்டமாகப் பென்சிலில் எண்களைக் கிறுக்கியிருக்கிறேன். என் கையால் நான் எழுதிய முதல் ஸ்கோர் அது. தப்புகள் இருக்கும். திருத்தி வை.

பேத்திக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது. குரல் வரும் பக்கம் தலையைத் திருப்புகிறாள். உன் முழங்கால் தேவலை, மாடிப்படி ஏற முடிகிறது என்று நீ எழுதியதைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அந்தப் பயிற்சிகளை நிறுத்திவிடாதே.

இங்கே நான் மூன்று முறை பேஸ்பால் பார்க்கப் போனேன். ரிக்லி ஃபீல்டு என்ற மைதானம், சிகாகோ கப்ஸ் அணியின் வீடு. 1914-இல் கட்டியது. சூயிங் கம் வியாபாரத்தில் பணம் சேர்த்த ரிக்லியின் பெயரைப் பிறகு வைத்தார்கள். நகரத்துக்கு வெளியே, கார் நிறுத்தும் பொட்டலுக்கு நடுவில் நிற்கும் அரங்கம் இல்லை இது. திருவல்லிக்கேணித் தெருக்களுக்கு நடுவே ஒரு மைதானத்தை வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. சிவப்புத் தடத்து ரயிலில் ஏறி அடிசன் நிலையத்தில் இறங்கினால் எதிரே மைதானம். சுற்றிலும் மூன்று மாடி வீடுகள். அவற்றின் மொட்டை மாடிகளிலும் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

முதல் தடவை மாப்பிள்ளை ஏப்ரலில் அழைத்துப்போனார். ஏரிப் பக்கமிருந்து வந்த காற்று எலும்பு வரை இறங்கியது. விலை குறைவாக இருக்கிறதே என்று நானே பார்த்துச் சொன்ன இடம், மேல்தளத்தைத் தாங்கும் இரும்புத் தூணுக்குப் பின்னால் அமைந்துவிட்டது. பந்து வீசுபவரின் கை தெரிந்தது, பந்து தெரியவில்லை. சுவரில் படரும் ஐவிக் கொடி புகழ்பெற்றது என்றார்கள். அந்த மாதத்தில் அது வெறும் குச்சி. எதற்குக் கத்துகிறார்கள், எதற்கு எழுந்து நிற்கிறார்கள், ஒன்றும் விளங்காமல் வீடு திரும்பினேன். நீயும் வரும்படி இருந்தால், மே மாதம் முடிவதற்குள் இங்கே போகாதே என்பேன். ஜூனில் தனியாகப் போனபோது கொடி சுவரையே மூடி, பச்சைப் பாய் விரித்தாற்போல் இருந்தது. 1937-இல் நட்டதாம். பந்து அதற்குள் புகுந்து சிக்கிக்கொண்டால் தடுப்பாளர் இரண்டு கைகளையும் உயர்த்துகிறார். அடித்தவர் ஓடித் தொட வேண்டிய முனைகளை பேஸ் என்கிறார்கள், அதில் இரண்டை அவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இலைக்குள் கையை விட்டுத் தேடினால் பந்தை எடுத்துத்தான் ஆகவேண்டும்.

ஆனால் நான் சொல்ல வந்தது போன வாரத்து ஆட்டத்தைப் பற்றி.

மதியம் 1.20-க்கு ஆரம்பம். இந்த மைதானத்தில் 1988 ஆகஸ்டு வரை இரவு ஆட்டமே கிடையாது. விளக்குக் கம்பங்களுக்காக வாங்கி வைத்த இரும்பை, பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட மறுநாள் போர் வேலைக்குக் கொடுத்துவிட்டார்களாம். அதற்குப் பிறகு நாற்பத்தாறு வருஷம் விளக்கே போடவில்லை. இப்போதும் பகல் ஆட்டங்கள் நிறைய வைக்கிறார்கள். வேலை நாளில் இத்தனை பேர் வெயிலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் நம் டெஸ்ட் நாட்கள்தான் ஞாபகம் வந்தன. தின்பண்டத்தைக் கையோடு கொண்டுபோகலாம் என்று தெரிந்ததும் மகள் சிறிய டப்பாவில் புளியோதரை கட்டிக் கொடுத்தாள். வாசலில் தோலோடு வறுத்த வேர்க்கடலை ஒரு பை வாங்கிக்கொண்டேன். உடைத்துத் தின்று தோலைக் காலடியிலேயே போடுகிறார்கள், யாரும் முகம் சுளிப்பதில்லை.

இந்த முறை திறந்தவெளி பெஞ்சில் இடம். பிளீச்சர்ஸ் என்கிறார்கள். முதலில் வந்தவருக்கு முதல் இடம், எண் கிடையாது. தலைக்கு மேலே பச்சை நிற ஸ்கோர் பலகை. அதுவும் 1937-ஆம் வருஷத்தது. உள்ளே ஆட்கள் இருந்து இன்றும் கையால்தான் எண் தகடுகளை மாற்றுகிறார்கள். கட்டத்துக்குள் பழைய எண் மறைந்து புதிய எண் வந்து நிற்கும் அந்த ஒரு நொடியை நீ பார்க்க வேண்டும்.

என் பக்கத்தில் எழுபத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு அம்மாள். ஒரு காதில் ரேடியோ வர்ணனை. மடியில் அட்டை, கையில் சின்னப் பென்சில். நான் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, பையிலிருந்து இன்னொரு அட்டையையும் பென்சிலையும் எடுத்து நீட்டினார். கற்றுக்கொடுக்கட்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. நேராகப் பாடம் ஆரம்பித்துவிட்டது.

உனக்கு உடனே பிடித்துவிடும், கேள். களத்தில் ஒன்பது பேருக்கும் ஒன்பது எண். பந்து வீசுபவர் 1, அவர் எதிரே குந்திப் பிடிப்பவர் 2, முதல் பேஸ் 3, இரண்டாவது 4, மூன்றாவது 5, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நிற்பவர் 6, எல்லைப்புறத்து மூவரும் 7, 8, 9. சட்டையில் இருக்கும் எண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒருவர் தரையோடு அடித்த பந்தை 6 எடுத்து 4-க்கு எறிகிறார், அவர் 3-க்கு எறிகிறார், கண்ணிமைக்கும் நேரத்தில் இரண்டு பேர் அவுட். அட்டையில் 6-4-3 என்று மூன்று எண்கள் எழுதினால் போதும். சுழற்றித் தவறவிட்டாலும், அடிக்கத் தக்க பந்தை விட்டுவிட்டாலும் ஸ்டிரைக். மூன்று ஸ்டிரைக்கில் அவுட் ஆனால் ஆங்கில எழுத்து 'கே'. மட்டையைச் சுழற்றாமலே நின்று அவுட் ஆனவருக்கு அதே 'கே'யைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போட வேண்டும். துணிந்து தோற்றவனுக்கும் தயங்கித் தோற்றவனுக்கும் கணக்கில் தனித்தனி அடையாளம் வைத்திருக்கிறார்களே! அந்த இடத்தில் உன்னை மிகவும் நினைத்துக்கொண்டேன். மட்டையில் பட்டுப் போன பந்தையும் படாமல் போன பந்தையும் நீ உன் நோட்டில் வேறு வேறு புள்ளியாக வைத்தவன் அல்லவா?

எழுத ஆரம்பித்த பிறகுதான் எனக்கு ஆட்டம் தெரிய ஆரம்பித்தது. ஏப்ரலில் சும்மா நிற்கிறார்கள் என்று நினைத்தேன். இப்போது ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் எல்லைப்புறத்தில் மூன்று பேரும் இரண்டடி தள்ளி நிற்பது கண்ணில் பட்டது. வீசுபவர் நிற்கும் இடத்திலிருந்து அடிப்பவர் வரை அறுபதடி ஆறங்குலம். நம் ஆடுகளத்தைவிட ஐந்தடிக்கு மேல் குறைவு, பந்து தரையில் படுவதும் இல்லை. அடிப்பதா விடுவதா என்று முடிவெடுக்க அரை வினாடிகூடக் கிடையாது. 2023 முதல் வீசுவதற்கும் கடிகாரம் வைத்துவிட்டார்கள், பேஸில் யாரும் இல்லாவிட்டால் 15 வினாடிக்குள் வீசியாக வேண்டும். அம்மாளுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது.

ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. அரங்கத்துக்குள் வந்து விழும் பந்து பிடித்தவருக்கே சொந்தம். நாம் திருப்பி எறிவோம், இவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள். அது அழகான வழக்கம். எங்களுக்கு முன்வரிசையில் பந்தைப் பிடித்த ஒருவர், அறிமுகமே இல்லாத ஒரு சிறுவனைக் கூப்பிட்டு அவன் கையில் வைத்தார். ஆனால் எதிரணிக்காரர் நம் சிக்ஸர்போல் சுவரைத் தாண்டி அடித்த ஹோம் ரன் பந்து பிளீச்சர்ஸில் விழுந்தால், வீசு வீசு என்று கூட்டமே கத்துகிறது. பிடித்தவர் அதைக் களத்துக்குள் திருப்பி எறிந்தாக வேண்டும். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 1999 ஜனவரியில் பாகிஸ்தான் 12 ரன்னில் நம்மை வென்றபோது எழுந்து நின்று கை தட்டிய சேப்பாக்கத்தில் நின்றவன் நான். நீ என் இடப்பக்கம், உன் அப்பா உனக்கு இடப்பக்கம். நல்ல ஆட்டத்தை யார் ஆடினாலும் வாங்கிக்கொள்ளத்தான் அந்த மனிதர் நம்மைப் பழக்கினார்.

ஏழாவது இன்னிங்ஸின் நடுவே எல்லோரும் எழுந்து ஒரு பழைய பாட்டைப் பாடுகிறார்கள். 1908-இல் எழுதியது. அந்த வருஷம்தான் கப்ஸ் உலகத் தொடர் என்னும் இறுதிப் போட்டியை வென்றார்கள். அடுத்து வென்றது 2016-இல். நூற்றெட்டு வருஷம்! பாட்டு முடிந்து உட்கார்ந்ததும் அம்மாள் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். 1945-இல் கப்ஸ் இறுதித் தொடர் வரை வந்து டெட்ராய்ட்டிடம் தோற்றார்கள். போரிலிருந்து திரும்பியிருந்த அவர் அதில் ஒரு ஆட்டத்தை இதே பெஞ்சுப் பக்கம் உட்கார்ந்து பார்த்தாராம். போகட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தாராம். கப்ஸ் மறுபடி இறுதித் தொடருக்கு வர எழுபத்தொரு வருஷம் ஆயிற்று. அதற்குள் அவர் போய்விட்டார். இடைப்பட்ட காலமெல்லாம் மகளை அழைத்து வந்து, பென்சில் கொடுத்து, எழுதக் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

2016-இல் என்ன நடந்தது தெரியுமா? வெற்றி இங்கே கிடைக்கவில்லை, கிளீவ்லாந்தில் கிடைத்தது. ஏழாவது ஆட்டம், ஒன்பது இன்னிங்ஸ் முடிந்து சமநிலை, பதினேழு நிமிஷம் மழை, பிறகு பத்தாவது இன்னிங்ஸில் 8-7. அந்த நாட்களில் சிகாகோ மக்கள் கையில் சாக்கட்டியோடு இந்த மைதானத்தின் வெளிச்சுவருக்கு வந்திருக்கிறார்கள். காத்திருந்து பார்க்காமலே போன அப்பா, தாத்தா, பாட்டி பெயர்களை ஒவ்வொரு செங்கல்லாக எழுதியிருக்கிறார்கள். கைக்கு எட்டும் உயரம் வரை சுவர் முழுக்கப் பெயர்கள். அம்மாளும் எழுதினாராம். மழை வந்து அழிந்துவிட்டதே என்று நான் சொன்னேன். இந்த அட்டைகளில் இருக்கிறாரே என்று பென்சிலைக் காட்டினார். வீட்டில் பெட்டி பெட்டியாக அட்டைகள் வைத்திருக்கிறாராம், அவர் அப்பா கையெழுத்தும் இவர் கையெழுத்தும் கலந்து.

அப்போது நான் 1986-ஐச் சொன்னேன், சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவோடு ஆடிய டெஸ்டை. செப்டம்பர் 22, கடைசி நாள், கடைசி ஓவர். இந்தியாவுக்கு 348 வேண்டும், 347-இல் எல்லோரும் அவுட், ஒரு பந்து மிச்சம். என் நண்பன் ஐந்து நாளும் ஒரு பந்து விடாமல் எழுதினான், அவன் அப்பா ஐந்து நாளும் விடுப்பு எடுத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தார் என்றேன். அம்மாள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். சரி, யார் ஜெயித்தார்கள் என்று கேட்டார். யாரும் ஜெயிக்கவில்லை என்றேன். இவர்களுக்கு அது புரிவதே இல்லை. இங்கே சமநிலை என்றால் முடிவு தெரியும் வரை ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கடைசி பந்தை எழுதியபோது உன் நண்பனுக்குக் கை நடுங்கியிருக்குமே என்றார்.

நடுங்கியது. எனக்குத் தெரியும். உன் அப்பா உன் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், பிறகுதான் நீ எழுதினாய்.

அன்றைய ஆட்டத்தில் கப்ஸ் ஜெயித்தார்கள். பலகைக்கு மேலே வெள்ளைக் கொடி ஏறியது, நடுவில் நீல நிறத்தில் 'டபிள்யூ'. தோற்றால் நீலக் கொடியில் வெள்ளை 'எல்'. ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்து முடிவைத் தெரிந்துகொள்வார்களாம். அம்மாள் என் அட்டையை வாங்கிக் கூட்டிப் பார்த்து, இரண்டு இடத்தில் திருத்தி, மூலையில் தேதி போட்டுக் கொடுத்தார். அந்த இரண்டு திருத்தமும் அவர் கையெழுத்து, மற்றதெல்லாம் நான்.

அப்பா போனதிலிருந்து நீ சேப்பாக்கம் பக்கமே போகவில்லை என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷமாக நான் வற்புறுத்தவில்லை, வற்புறுத்தக் கூடாது என்று நினைத்திருந்தேன். அது என் தப்பு. அக்டோபர் கடைசியில் ஊருக்கு வருகிறேன். குளிர்காலத்தில் ஏதாவது ஒரு ரஞ்சி ஆட்டம் அங்கே நடக்கும். கூட்டம் இருக்காது, கீழ்வரிசையிலேயே உட்காரலாம், உன் முழங்காலுக்குப் படியேறும் வேலை இல்லை. முதல் நாள் காலையிலிருந்து உட்காருவோம். ஒரு பாதியை நீ எழுது, ஒரு பாதியை நான் எழுதுகிறேன்.

86-ஆம் வருஷத்து நோட்டு பரண் மேல் தகரப் பெட்டியில் இருக்கிறது என்று ஒருமுறை சொன்னாய். நீ ஏணியில் ஏறாதே, பையனை விட்டு இறக்கி வை. அந்தக் கடைசிப் பக்கத்தை மறுபடி பார்க்க வேண்டும்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் வலப்பக்கத்து இருக்கைக்காரன்