மார்ட்டினஸின் இடது கால்

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பின பணமும் வந்தது, வாய்ஸ் மெசேஜும் வந்தது. பணத்துக்கு அம்மா பதில் சொல்லிவிட்டாள். மற்றதற்கு நான்தான் சொல்லணும். போனில் என்னைப் பேச விடமாட்டாய், அதனால் எழுதுகிறேன்.

கால்பந்தில் நாட்டுக்கு ஜெயித்துக் கொடுக்காதவன் பெரிய ஆட்டக்காரன் இல்லை, 2022இல் அர்ஜென்டினாவுக்கு உலகக் கோப்பையைத் தூக்கியதால்தான் மெஸ்ஸிக்கு அந்தப் பேர் என்கிறாய். சரி, அந்த இறுதி ஆட்டத்தையே எடுத்துக்கொள். நீ வேலை பார்க்கிற தோஹாவுக்குப் பக்கத்தில், லுசைலில் நடந்ததுதானே. அர்ஜென்டினாவும் பிரான்சும் 3-3. கூடுதல் நேரமும் தீர்ந்து 123ஆவது நிமிடம். பந்து பிரான்சின் கோலோ முவானி காலில். எதிரே அர்ஜென்டினா கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினஸ் மட்டும். ஓங்கி அடித்தான். மார்ட்டினஸ் நீட்டின இடது காலில் பட்டுத் தெறித்தது. ஒரு சாண் தள்ளிப் போயிருந்தால் கோப்பை பிரான்சுக்கு. மெஸ்ஸியால் அப்போது செய்ய என்ன இருந்தது? ஆக, மெஸ்ஸி பெரியவனா இல்லையா என்று உன் கணக்கில் முடிவு பண்ணியது மார்ட்டினஸின் கால்!

2014 உலகக் கோப்பை இறுதியில், பிரேசிலின் மரக்கானா மைதானத்தில், ஜெர்மனியின் குரூஸ் தலையால் தவறிப் பின்னே தள்ளிய பந்தை அர்ஜென்டினாவின் இகுவாயின் வெளியே அடித்தான். அந்தப் பழியும் மெஸ்ஸிக்கா? 2016 கோபா அமெரிக்கா (அமெரிக்கக் கண்ட நாடுகளின் கோப்பை) இறுதியில் சிலிக்கு எதிரான பெனால்டியை வானத்துக்கு அனுப்பினானே, அதை வேண்டுமானால் அவன் பற்றில் எழுது. மறுக்க மாட்டேன்.

மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பில் பேர் வாங்கின ஜார்ஜ் பெஸ்ட் பிறந்தது வட அயர்லாந்தில். நாட்டுக்கு 37 ஆட்டம், 9 கோல். உலகக் கோப்பை வாசலையே மிதிக்கவில்லை. அவன் வருவதற்கு முன்னால் 1958இல் அந்த நாடு போனது, அவன் காலம் முடிந்தபின் 1982இல் போனது.

ஜார்ஜ் வேயா கதை இன்னும் மோசம். (பின்னால் ஜனாதிபதி ஆனவர், அதனால் இவருக்கு மட்டும் 'அவர்'.) 1995இல் தங்கப்பந்து (பலோன் தோர், அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது) வாங்கினவர். அவர் நாடான லைபீரியாவில் உள்நாட்டுப் போர். தேசிய அணிக்குச் செலவு செய்யக்கூட ஆளில்லை. தன் கைக்காசைப் போட்டு அணியை நடத்தினார். 2002 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் நைஜீரியாவுக்கு ஒரே ஒரு புள்ளி பின்னால் நின்றுபோனார்கள். நைஜீரியா எங்கே, லைபீரியா எங்கே!

அதற்காக நாட்டுக்கு ஆடினதைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. கிளப்பில் ஆள் போதவில்லை என்றால் காசு கொடுத்து வாங்கலாம். நாட்டணியில் இருக்கிறவனை வைத்துத்தான் ஆடணும். அங்கே ஒருத்தன் என்ன செய்தான் என்பது எனக்கும் முக்கியம்தான். ஆனால் எண்ணிக்கையை மட்டும் நீட்டாதே. போர்ச்சுகலின் ரொனால்டோ குட்டி நாடான லக்சம்பர்க் மேல் அடித்ததும் பட்டியலில் ஒரு கோல், உலகக் கோப்பைக்குப் போவதா இல்லையா என்று முடிவு செய்த 2013 பிளே-ஆஃபில் ஸ்வீடன் மண்ணில் அடித்த மூன்றில் ஒவ்வொன்றும் ஒரு கோல். இரண்டும் ஒன்றா? அதே ஆள் 2022 வரை ஐந்து உலகக் கோப்பை ஆடியும், தோற்றால் வெளியே என்கிற நாக்-அவுட் ஆட்டங்களில் ஒரு கோல் இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

கடைசியாக ஒன்று. 1998இல் உலகக் கோப்பையை ஜெயித்த பிரான்சுக்கு முன்கள ஆட்டக்காரனாக இறங்கிய கிவார்க், போட்டி முழுக்க ஒரு கோலும் அடிக்கவில்லை. உலகக் கோப்பைப் பதக்கம் வீட்டில் இருக்கிறது. ஹங்கேரிக்கு 85 ஆட்டத்தில் 84 கோல் அடித்த புஷ்காஷ், 1954 உலகக் கோப்பை இறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் 3-2 என்று தோற்றான். உன் அளவுகோலில் யார் பெரியவன்? சிரித்து மழுப்பாமல் ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்லு. முதலில் அம்மாகிட்ட பேசிவிட்டு அப்புறம் என்னிடம் கொடுக்கச் சொல், இல்லையென்றால் இரண்டு பேருக்கும் திட்டு விழும்.

அன்புடன்,
அப்பா