மகளின் பெயரில் உள்ள பணம் மகளின் படிப்புக்கு உதவட்டும்

நம் சிங்கப்பூரின் கல்வி நிதித் திட்டங்களை வகுக்கும் உயரதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்ற மாதம் என் இளைய மகளுடன் ஒரு சேவை முகப்பில் அமர்ந்திருந்தேன். முகப்பில் இருந்த பெண்மணி பொறுமையானவர். கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பி, மகளுடைய உயர்நிலைக் கல்விக்குப் பிந்திய கல்விக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டினார். மகள் திரையில் தன் பெயர் இருந்த இடத்தை விரலால் தொட்டு, "இது என் பணம்தானே, அக்கா?" என்று கேட்டாள். "உன்னுடையதுதான்மா. ஆனால் வெளிநாட்டில் படிக்க எடுக்க முடியாது" என்றார் அவர். ஈசூன் வந்து சேரும்வரை ரயிலில் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

விதிகள் எனக்குத் தெரியாதவை அல்ல. உங்களுக்கு அவற்றை விளக்கவும் தேவையில்லை. அந்தக் கணக்கில் இருக்கும் பணத்தில் ஒரு பங்கு, அவள் குழந்தையாக இருந்தபோது குழந்தை மேம்பாட்டுக் கணக்கில் நாங்கள் மாதந்தோறும் போட்டு, அரசாங்கமும் இணையாகப் போட்ட தொகையின் மிச்சம். அவளுடைய கல்விக்கென்றே சேர்த்தது. இப்போது கல்விக்கான நேரம் வந்திருக்கிறது, பணமும் இருக்கிறது, எடுக்கத்தான் வழியில்லை. முப்பது வயதைக் கடந்தபின் மீதம், முதுமைக்கெனச் சேமிக்கும் அவளுடைய மத்திய சேம நிதிக் கணக்குக்குப் போய்ச் சேரும் என்கிறார்கள். அவளுக்குத் தேவைப்படுவது இன்று.

அவள் விலங்கு மருத்துவம் படிக்க விரும்புகிறாள். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் திரியும் பூனைகளுக்கு எட்டாம் வயதிலிருந்து உணவிட்டு, புண்பட்டவற்றைப் பெட்டியில் வைத்து மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவள். சிங்கப்பூரில் ஆறு தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள் இருந்தும், விலங்கு மருத்துவர் ஆவதற்கான பட்டப்படிப்பு அவற்றுள் ஒன்றில்கூட இல்லை. ஆகவே, இங்கே இடம் கிடைத்தும் வெளிநாட்டு மோகத்தால் புறப்படுகிறவள் என்று அவளைச் சொல்ல முடியாது. அவளுக்கு இடம் கொடுத்திருப்பது பெர்த் நகரிலுள்ள ஒரு பல்கலைக்கழகம். ஐந்து மணி நேர விமானப் பயணம். நம் கடிகாரமும் அவர்கள் கடிகாரமும் ஒரே நேரத்தையே காட்டுகின்றன.

செலவுதான் இரண்டு ஊர்களையும் பிரிக்கிறது. இங்கே மானியம் போக ஒரு சிங்கப்பூர் மாணவர் கலைத்துறை போன்ற பாடங்களுக்குக் கட்டுவது ஆண்டுக்கு ஏறத்தாழ 8,000 சிங்கப்பூர் வெள்ளி. வீட்டுச் சாப்பாடு, வீட்டுப் படுக்கை. வாடகை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆஸ்திரேலியாவில் விலங்கு மருத்துவத்துக்கு வெளிநாட்டு மாணவர்களிடம் ஆண்டுக்கு 60,000 ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் கேட்கிறார்கள். ஐந்தாண்டுக்குக் கணக்கிட்டால் நம் வெள்ளியில் 250,000-ஐத் தாண்டும், அதுவும் கட்டணம் மட்டும். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே முதலாண்டு வாழ்க்கைச் செலவுக்கென 29,710 ஆஸ்திரேலிய டாலர் கையில் இருப்பதைக் காட்ட வேண்டும் என்று 2024 மே மாதத்திலிருந்து விதித்திருக்கிறார்கள். அதற்குமேல் மருத்துவக் காப்பீடு, விசாக் கட்டணம், அறை வாடகை.

உள்ளூரில் படிக்கும் பிள்ளைக்கோ, மத்திய சேம நிதியில் உள்ள என் சாதாரணக் கணக்கிலிருந்து 40 விழுக்காடுவரை கல்விக் கடனாக எடுத்துக் கட்டணம் செலுத்தலாம். அது இனாமன்று. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துப் பிள்ளையே அதை வட்டியுடன் என் கணக்கில் திரும்பக் கட்டுகிறது. தந்தை பிள்ளைக்குக் கொடுக்கும் கடன், தந்தையின் முதுமைக்கே திரும்பி வருகிறது. இவ்வளவு நல்ல ஏற்பாடு, இங்கே இல்லாத படிப்பை நாடிச் செல்லும் பிள்ளைக்கு மட்டும் ஏன் மறுக்கப்படுகிறது?

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. உள்ளூரில் கற்பிக்கப்படாத, ஆனால் இங்கே தொழில் செய்ய நம் அரசாங்கமே ஏற்றுக்கொள்ளும் பட்டப்படிப்புகளுக்கு, உள்ளூர்க் கட்டணத்தின் அளவுக்கேனும் இவ்விரு நிதிகளையும் திறந்துவிடுங்கள்.

எந்தப் பட்டம் தகுதியானது என்று முடிவுசெய்வது கடினம் என்று சொல்லிவிட முடியாது. விலங்கு மருத்துவர்களுக்கு உரிமம் வழங்கும் தேசியப் பூங்காக் கழகத்திடம், ஏற்கத்தக்க வெளிநாட்டுப் பட்டங்களின் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. ஆக, படித்துத் திரும்பி வந்தால் அவள் இந்நாட்டுக்கு வேண்டியவள். படிக்கப் புறப்படும்போது மட்டும் அவள் தனிப்பட்ட விருப்பத்தின்பேரில் போகிறவள். 2024 செப்டம்பர் 1 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி தந்திருக்கிறீர்கள், மனமார வரவேற்றோம். அந்தப் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கப்போகிறவர்கள் எல்லோரும் வெளிநாட்டில் படித்தவர்களாகத்தானே இருக்க முடியும்? அவர்களின் படிப்புச் செலவை யார் தாங்கினார்கள், எதை விற்றுத் தாங்கினார்கள் என்று ஒருமுறையாவது கேட்டதுண்டா?

என் குரல் சற்று உயர்ந்துவிட்டது, பொறுத்தருளுங்கள். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நான்கறை வீட்டை விற்றுவிட்டுச் சிறிய வீட்டுக்கு மாறினால் எவ்வளவு மிஞ்சும் என்று ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அது மகள் கண்ணில் பட்டுவிட்டது. மறுநாள் காலை என் தேநீர்க் கோப்பைக்கு அடியில் அந்தத் தாள் இருந்தது. நான் எழுதிய எண்களுக்கெல்லாம் குறுக்கே ஒரு கோடு போட்டு, கீழே, "நான் இங்கேயே வணிகம் படிக்கிறேன், அப்பா" என்று எழுதியிருந்தாள். பத்தாண்டுகளாக வணிகம் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

முழுச் செலவையும் அரசாங்கம் ஏற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உபகாரச் சம்பளம் எல்லோருக்கும் கிடைக்காது என்பதும் புரிகிறது. உள்ளூரில் படித்திருந்தால் எங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து எவ்வளவு எடுக்க விட்டிருப்பீர்களோ, அவ்வளவை எடுக்க விடுங்கள் என்றுதான் மீண்டும் கேட்கிறேன். மீதியை நாங்கள் உழைத்துக் கட்டுவோம். பணம் தவறான வழியில் போய்விடுமோ என்ற ஐயம் இருந்தால், பல்கலைக்கழகத்துக்கே நேரடியாகச் செலுத்துங்கள். பிணைப் பத்திரம் வேண்டுமானால் நானும் என் மனைவியும் கையெழுத்திடுகிறோம்.

பெர்த்தில் கிடைத்த இடத்தை உறுதிசெய்ய அடுத்த மாத இறுதிவரை அவகாசம் இருக்கிறது. இடத்தை வேண்டாமென்று இன்னும் எழுதிவிடாதே என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். அதற்குள் உங்களிடமிருந்து ஒரு பதில் வருமானால் மிகுந்த நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஈசூனில் வசிக்கும் ஒரு தந்தை