ஆமாம், அப்புறம்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

பசியாறினாயா? இதை நீ ராத்திரியில் பிரித்தாலும் முதல் கேள்வி இதுதான். வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம். நீ படித்துவிட்டாய் என்று இரண்டு நீலக் கோடு விழும், பதில் வராது, நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டி அப்படியேதான். சித்தி வீட்டு விஷயம் முடிந்தது, எப்படி முடிந்திருக்கும் என்று உனக்கே தெரியும். லிஃப்ட் மறுபடி கெட்டுவிட்டது. காடி இன்சூரன்ஸ் இந்த மாதத்தோடு முடிகிறது, ஞாபகம் இருக்கிறதா? நேரத்துக்குச் சாப்பிடு.

செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு நான் கூப்பிட்டபோது மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னாய். சரி. உன் குரலுக்குப் பின்னால் ஒரு பெண், அடுத்த நிலையம் மஸ்ஜிட் ஜாமெக் என்று மலாயில் சொன்னாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

சொல்ல வந்தது வேறு. நான் நாடக வகுப்புக்குப் போகிறேன். சிரிக்காதே. போன வருஷம் நீ டீம் லீடர் ஆனதும் உன்னை இரண்டு நாள் இம்ப்ரோவ் பயிற்சிக்கு அனுப்பினார்களே, எழுதிவைத்த வசனம் இல்லாமல் அந்த நிமிஷத்தில் தோன்றுவதை நடித்துச் சிரிக்க வைப்பது. நீ அதைக் கதை கதையாகச் சொன்னபோது, "கூத்தடிக்கவா உனக்குச் சம்பளம் கொடுக்கிறான்?" என்றேன். நீ அதோடு நிறுத்திவிட்டாய். நம் மூன்றாம் மாடிச் சீனப் பையன் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கடையின் மேல்மாடியில் அதையேதான் சொல்லிக்கொடுக்கிறானாம். லிஃப்ட் கெட்ட அன்று படியேறும்போது, "வாங்க அங்கிள், காசு வேண்டாம்" என்றான். காசு வேண்டாம் என்றதும் போனேன்.

முதல் நாள் அவன் சொன்ன கதை இது. சிகாகோவில் வையோலா ஸ்போலின் என்று ஒரு அம்மாள். 1930-களின் கடைசியில், பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நாடகம் கற்றுக்கொடுத்தார். பிள்ளைகளுக்குப் பாஷை ஒத்துவராது, பாடம் நடத்தினால் ஒடுங்கிப்போவார்கள். அதனால் எல்லாவற்றையும் விளையாட்டாக மாற்றினார். விளையாட்டில் இறங்கிவிட்டால் பயப்பட ஏது நேரம்? அவர் மகன் பால் சில்ஸ் அந்த விளையாட்டுகளை மேடைக்குக் கொண்டுபோனார், கூட்டாளிகளோடு சேர்ந்து 1959-இல் செகண்ட் சிட்டி என்ற நகைச்சுவை அரங்கைத் தொடங்கினார். தாய் கொடுத்ததை வைத்துப் பிள்ளை பிழைத்திருக்கிறான். நான் உனக்கு என்ன கொடுத்தேன் என்று அன்றைக்குப் படியிறங்கும்போது யோசித்தேன்.

வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்றும் நினைத்துவிடாதே. 1880-களில் நம் பினாங்கில் முளைத்த பங்சாவான் என்ற மலாய் மேடை நாடகத்தில் கதையை மட்டும் சொல்லி மேடையேற்றிவிடுவார்கள், வசனம் நடிகன் பாடு. உன் தாத்தா பார்த்திருக்கிறார்.

முதல் விளையாட்டு கண்ணாடி. எனக்கு ஜோடி இங்கே யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு மலாய்ப் பெண். நான் கையைத் தூக்கினால் அவளும் தூக்க வேண்டும். அப்புறம் பையன், "இனி யாரும் நடத்தாதீர்கள், இரண்டு பேரும் அடுத்தவரைப் பின்பற்றுங்கள்" என்றான். என்ன உளறல் என்று நினைத்தேன். அரை நிமிஷத்தில் என் கை மேலே போகிறது, அவள் கையும் போகிறது, யார் ஆரம்பித்தது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் 40 பெண்கள் வேலை செய்த லைனை 20 வருஷம் மேய்த்தவன் நான். ஒரு நாளாவது அவர்கள் கையைப் பார்த்தேனா? கடிகாரத்தைத்தான் பார்த்தேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் மரியாதை போய்விடும் என்று தெரிந்த மாதிரியே கத்தினேன். உன்னிடமும் அதையே சொல்லி அனுப்பினேன்.

அடுத்தது 'ஆமாம், அப்புறம்'. எதிராளி சொன்னதை ஏற்றுக்கொண்டு, அதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்தப் பெண், "அங்கிள், அடுப்படியில் யானை" என்றாள். என் வாயில் முதலில் வந்தது "இல்லை". மூன்று தடவையும் அதே. அம்மாவிடம் சொன்னேன். "இதைக் கண்டுபிடிக்க வகுப்புக்கு வேறு போகணுமா?" என்றாள்.

11 பேரை வைத்து வேலை வாங்குகிறாள் என் மகள் என்று கோயிலில் நான் சொல்லாத ஆள் இல்லை. அதையும் குறைத்திருக்கலாம்.

அங்கே ஒரு வழக்கம். ஆட்டத்தில் தப்பு செய்தால் இரண்டு கையையும் தூக்கி "தவறிட்டேன்!" என்று கத்த வேண்டும், எல்லோரும் கைதட்டுவார்கள். மனசாரத் தட்டுகிறார்கள் பாப்பா. எனக்குத் தோள் வலியில் வலது கை பாதிதான் ஏறியது. வாயும் வரவில்லை. அங்கேயே பழைய ஃபெரி ஞாபகம் வந்துவிட்டது.

இதை யாரிடமும் சொன்னதில்லை. 1998, நம் ரிங்கிட் வெள்ளியை அமெரிக்க டாலருக்கு 3.80 என்று கட்டிவைத்த வருஷம். ஆள் குறைப்பில் என் பேரும் வந்தது. நீ அப்போது இரண்டாம் வகுப்பு. ஏழு வாரம், அதே யூனிஃபார்மைப் போட்டு, அம்மா கட்டிக்கொடுத்த தூக்குச்சட்டியோடு காலை ஆறரைக்குக் கிளம்பி ஜெட்டிக்குப் போனேன். அப்போது ஃபெரியில் அக்கரை பட்டர்வொர்த் போகக் கட்டணம் கிடையாது, திரும்பி வரத்தான் கட்டணம். அதனால் சாயங்காலம் வரை அந்தப் பக்கமே, பஸ் ஸ்டாண்டு பெஞ்சில். இழப்பீட்டுப் பணத்தைப் பிரித்து மாதக் கடைசியில் சம்பளம் மாதிரி சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். ஒருநாள் நீ மடியில் ஏறி, "அப்பா, ஏன் உங்க சட்டையில ஈய வாசம் இல்லே?" என்று கேட்டாய். உன்னை அறைந்தேன். என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமலே நீ மன்னிப்புக் கேட்டாய். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

எட்டாம் வாரம் வேறு இடத்தில் வேலை கிடைத்தது. அம்மாவுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் நடுவில் ஒரு நாளிலிருந்து தூக்குச்சட்டியோடு குடையையும் எடுத்துவைத்தாள். ஃபேக்டரிக்குள் எதற்குக் குடை?

சரி, அதை விடு. அந்த மலாய்ப் பெண் படிப்பு முடிந்து கிளந்தானுக்குப் போய்விட்டாள். இப்போது வகுப்பில் ஒற்றைப்படை, நான் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறேன். சனிக்கிழமை காலை கோலாலம்பூரில் ஈடிஎஸ் ரயில் ஏறினால் மதியத்துக்கெல்லாம் பட்டர்வொர்த் வந்துவிடலாம். நான் ஃபெரி பிடித்து வந்து நிற்கிறேன். லீவு கிடைத்ததா என்று கேட்க மாட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா

பின்குறிப்பு: காடி என் பேரில்தானே இருக்கிறது, இன்சூரன்ஸை இங்கே போஸ்ட் ஆபீசிலேயே கட்டிவிட்டேன். ரசீது உள்ளே.