எங்கள் தெருவின் பழைய பட்டியல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறப்புத் தீவிர திருத்தத்துக்குப் பிறகு 2025 டிசம்பர் 19-ஆம் தேதி வரைவு வாக்காளர் பட்டியல் வந்ததிலிருந்து எந்தப் பேப்பரைத் திறந்தாலும் ஒரே எண்தான். தமிழ்நாட்டில் சுமார் 97 லட்சம் பெயர்கள் நீக்கம். அதில் இறந்தவர்கள் மட்டும் ஏறத்தாழ 27 லட்சம். அந்த 27 லட்சத்தில் ஒன்று என் அம்மா.

வேதாரண்யம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. நான் தாம்பரத்தில் குடியிருக்கிறேன். நவம்பர் 25, செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் தங்கை போன் செய்தாள். முதல் நாள் ராத்திரிகூட அம்மா என்னிடம் பேசியது, "அந்த வோட்டு பாரத்தைக் குடுத்திட்டியாடா?" என்றுதான். கொடுக்கவில்லை. 2002, 2005 திருத்தப் பட்டியலில் நம் பெயரோ அப்பா அம்மா பெயரோ எங்கே இருக்கிறது என்று எழுதச் சொல்லியிருந்தார்கள், அதைத் தேட நேரமில்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் காடு போய் வந்தோம். அஸ்தியைக் கோடியக்கரைக்குக் கொண்டுபோய்க் கரைப்பதற்குள் புயல் வந்துவிட்டது. டித்வா. கடல் பக்கமே போகக்கூடாது என்று ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். அஸ்தியை வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்பதால், கலயத்தை மஞ்சள் துணியில் முடிந்து கொல்லையில் நிற்கும் தென்னையில் கட்டி, மேலே ஒரு உரச்சாக்கைப் போர்த்தினோம். மூன்று நாள் அப்படியே தொங்கியது. ராத்திரி காற்று ஓங்கும்போதெல்லாம் தங்கையும் நானும் மாறி மாறி டார்ச் அடித்துப் பார்த்தோம். அந்தத் தென்னை 2018 நவம்பர் 16 அன்று கஜா அடித்தபோது விழாமல் நின்ற ஐந்தில் ஒன்று. கஜாவுக்கு முன்னால் எங்கள் கொல்லையில் நாற்பத்திரண்டு மரம், அம்மா ஒவ்வொன்றுக்கும் கைக்குழந்தை மாதிரி தண்ணீர் ஊற்றி வளர்த்தது. அன்று விடிந்ததும் விழுந்து கிடந்த மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் அடுப்பு மூட்டப் போனது. அதற்கப்புறம் ஊரில் மாத்திரம் ஒரு மாதத்துக்கு மேல் கரண்ட் இல்லை.

சனிக்கிழமை, மழை கொஞ்சம் விட்ட நேரத்தில், வாக்குச்சாவடி நிலை அலுவலர் வந்தார். பக்கத்து ஊர் அங்கன்வாடியில் வேலை பார்க்கும் பெண், முழங்கால் வரை சேறு, பிளாஸ்டிக் பைக்குள் படிவக் கட்டு. அவருக்கு விஷயம் தெரியாது. "அம்மா இல்லீங்களாண்ணே, கையெழுத்து வாங்கணும்" என்று படிவத்தை எடுத்து நீட்டினார். அதில் அம்மாவின் படம் அச்சடித்திருந்தது. தங்கை அதைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். நான் சொன்னேன். அந்தப் பெண் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் எழுதிக்கறேண்ணே, நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்று சொல்லி, போகும்போது, "படம் வேணும்னா போன்ல எடுத்துக்கங்க" என்றார். எடுத்துக்கொண்டேன். அம்மாவுக்குத் தனியாக எடுத்த படம் வேறு கிடையாது, எல்லாக் கல்யாணப் படத்திலும் யார் தோளுக்கோ பின்னால் பாதி முகம்தான். பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட்டு வைத்த படம் அந்த வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிதாக்கியதுதான். அந்தப் பெண்ணின் பெயர் இங்கே வேண்டாம், ஆனால் புயல் மழையில் வீடு வீடாக நடந்த அவரைப் போன்றவர்களைப் பற்றி யாராவது நாலு வரி எழுத வேண்டும்.

அதே ராத்திரி, கரண்ட் இல்லாமல், போனில் இருந்த கொஞ்சம் சார்ஜில், என் படிவத்துக்காகப் பழைய பட்டியலைத் தேடினேன். எங்கள் ஊர்ப் பாகத்தைக் கண்டுபிடித்து இறக்கினேன். எங்கள் வீட்டு எண்ணில் நாலு பெயர்: அப்பாயி, அப்பா, அம்மா, நான். எனக்கு வயது 22 என்று போட்டிருந்தது. வேண்டிய தகவல் அவ்வளவுதான், ஆனால் நிறுத்த முடியவில்லை, தெருவின் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை படித்தேன். முறுக்கு சுட்டு விற்ற ஆச்சி. உப்பளத்துக்குப் போய் வந்த பெரியப்பா, அவர் காலில் வெடிப்பு ஆறி நான் பார்த்ததே இல்லை. மல்லிகைத் தோட்டத்தில் விடியுமுன் மொட்டு பறித்துவிட்டு வந்து எங்களுக்கெல்லாம் டியூஷன் எடுத்த அக்கா. தையல்கடை சித்தப்பா பெயரில் எழுத்துப்பிழை, அவர் உயிரோடு இருந்தவரை அதைத் திருத்த எழுதிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். பெயர், உறவு, வயது என்று காய்ந்த வரிகள்தான். ஆனால் ஒவ்வொரு வரியிலும் வீட்டு வாசல் தெரிந்தது.

காலையில் தங்கையும் நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். எங்கள் தெருவில் அன்றைக்கு 61 பேர். அதில் இறந்தவர்கள் 23. வெளியூர் போனவர்கள் 27, திருப்பூர், சென்னை, சிங்கப்பூர், கல்யாணமாகிப் போன பெண்கள். மிச்சம் 11 பேர், எல்லோருக்கும் அறுபதுக்கு மேல்.

ஊர் கெட்டுப்போய்விட்டது என்று எழுத எனக்கு மனசில்லை. பல வருடம் ரயிலே இல்லாமல் கிடந்த பாதையில் 2023 ஏப்ரல் 8 முதல் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை மறுபடியும் ரயில் ஓடுகிறது, 37 கிலோமீட்டர். அம்மா ஒரே ஒருமுறை அதில் போய்விட்டு வந்து ஒரு வாரம் அதையே பேசியது. ஓட்டு வீடுகள் மாடி வீடாகியிருக்கின்றன. ஆனால் மாடி வீட்டில் பாதி பூட்டித்தான் கிடக்கின்றன. வேதாரண்யம் விளக்கழகு என்பார்கள். எங்கள் தெருவில் ராத்திரி எட்டு மணிக்கு ஆறு வீட்டில்தான் விளக்கு எரிகிறது.

அந்த வாரம் முழுக்க அதே புயல் இலங்கையில் செய்ததையும் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டி, பதுளை, நுவரெலியா. மண் சரிந்து வீட்டோடு போனவர்கள். அறுநூறுக்கு மேல் உயிர்கள். எங்கள் கரையில் நின்றால் எதிரே இருப்பது அந்த நாடுதான். அங்கே இன்னும் உடல் கிடைக்காத வீடுகள் இருக்கின்றன. அம்மாவை நாங்கள் தூக்கிக்கொண்டு போய் முறையாகச் செய்ய முடிந்ததே என்று அப்போது நினைத்தேன். மரத்தில் தொங்கிய கலயத்தைப் பற்றி அதற்கப்புறம் நான் புலம்பவில்லை. திங்கட்கிழமை மழை விட்டதும் கோடியக்கரை போய்க் கரைத்தோம்.

இப்போது இந்தக் கடிதத்தின் காரணத்துக்கு வருகிறேன். அம்மா பெயரை நீக்கியது சரி. என் பெயர் தாம்பரம் பட்டியலில் இருக்கிறது, எங்கள் வீட்டு எண்ணில் இனி யாரும் இல்லை, அதுவும் சரிதான், வலிக்கிறது ஆனாலும் சரி. சரியில்லாதது எதிர்வீட்டுத் தம்பியின் பெயர். கஜாவில் தென்னையெல்லாம் போன பிறகு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவன். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருகிறான், ரேஷன் கார்டு இங்கே, ஆதார் முகவரி இங்கே. திருப்பூரில் நாலு பேரோடு ரூமில் இருக்கிறான், வாடகைப் பத்திரம் கிடையாது, வருடத்துக்கு ஒரு ரூம் மாறுகிறான். வீடு பூட்டியிருந்ததால் 'இடம் மாறியவர்' என்று குறித்துவிட்டார்கள். அந்தக் கணக்கில் மாநிலம் முழுக்க 66 லட்சம் பேர். அதில் நிஜமாகவே வேறு ஊரில் பெயர் சேர்த்துக்கொண்டவர்கள் எத்தனையோ இருக்கலாம். ஆனால் இவனைப் போல இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் போனவர்களை எங்கள் ஒரு தெருவிலேயே நான்கு பேரைக் காட்டுவேன்.

பெயர் சேர்க்க 2026 ஜனவரி 18 வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். பொங்கல் 15-ஆம் தேதி. வெளியூர் போனவர்கள் எல்லோரும் ஊருக்கு வரும் நாட்கள் அவைதான். அலுவலகங்கள் பூட்டியிருக்கும் நாட்களும் அவைதான். 14 முதல் 18 வரை ஊராட்சி அலுவலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ ஒரு மேசை போட்டு ஒரு ஆள் உட்கார்ந்தால் போதும். இதை உங்கள் பேப்பர் அழுத்திக் கேட்க வேண்டும். அந்தந்த ஊர்ப் பெயர்களை நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள், ஆனால் படிக்க வேண்டியவர்கள் திருப்பூரில் இருக்கிறார்கள். இன்னொன்று, அந்தப் பழைய பட்டியல்களை இந்த வேலை முடிந்ததும் இணையத்திலிருந்து எடுத்துவிடாதீர்கள் என்றும் கேளுங்கள்.

எதிர்வீட்டுத் தம்பி 13-ஆம் தேதி ராத்திரி பஸ் ஏறுகிறானாம். பெயர் சேர்க்கும் படிவம் 6-ம் அதோடு கொடுக்கும் உறுதிமொழிப் படிவமும் ஒவ்வொரு காப்பி எடுத்து, மாலை போட்ட அம்மா படத்துக்குக் கீழே அலமாரியில் வைத்துவிட்டுத்தான் தாம்பரம் கிளம்பினேன். சாவி தங்கையிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
வேதாரண்யம் வட்டத்து வாசகன்