நாலு செக்கன்

வெள்ளவத்தை
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

நீங்கள் நாலு பேரும் வாசிக்கப்போகிற, அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக்கின் ‘டிஃபரன்ட் ட்ரெயின்ஸ்’ (வெவ்வேறு கோச்சிகள்) மூன்று தரம் கேட்டுவிட்டேன். முதல் தரம் ஒன்றும் பிடிபடவில்லை. வயலின் என்றால் ஒரு ராகமாவது வரவேண்டாமா, இது கோச்சி ஓடுகிற மாதிரியே கிடக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரை விட்டுத் தலை நிமிரவில்லை.

பிறகு நீ எழுதியதை வாசித்துவிட்டுக் கேட்டேன். ஒலிப்பதிவில் பேசுகிற பெண் குரலுக்கு வயோலா, ஆண் குரலுக்குச் செல்லோ. பேச்சின் ஏற்ற இறக்கமே ஸ்வரமாகிவிடுகிறது. தாயும் தகப்பனும் பிரிந்திருந்ததால் 1939 முதல் 1942 வரை நியூயோர்க்குக்கும் லொஸ் ஏஞ்சல்சுக்கும் கோச்சியில் அலைந்த யூதச் சிறுவன் இந்த ரைக். அதே வயதுப் பிள்ளைகளை ஐரோப்பாவில் எந்தக் கோச்சியில் ஏற்றினார்கள் என்று பிற்காலத்தில் யோசித்து, தப்பி அமெரிக்காவுக்கு வந்தவர்களின் ஒலிப்பதிவுகளை எடுத்து 1988இல் செய்திருக்கிறார். அமெரிக்க விசில் நீளமாக இழுக்கும், சரி. நடுப்பகுதியில் ஐரோப்பிய விசில் குட்டை குட்டையாகக் கீச்சிடும்போது போனை நிறுத்திவிட்டேன்.

83 ஆடிக் கலவரத்தில் எனக்கு எட்டு வயது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாம், அப்புறம் கப்பலில் காங்கேசன்துறை. இவ்வளவுதான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். முகாமுக்குப் போன லொறியைச் சொன்னதில்லை. படங்குக்கு அடியில் பதினொரு பேர் படுத்திருந்தோம். வெளியே ஆட்கள் கத்துகிற சத்தம். நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். அம்மம்மா என் காதுக்குள், “கதைக்காதே குஞ்சு” என்றார். ‘கதை’யில் கொஞ்சம் எழும்பும், ‘காதே’யில் இறங்கும், ‘குஞ்சு’ மூச்சோடு போய்விடும். தாலாட்டு மாதிரித்தான் இருந்தது. அம்மம்மாவின் முகம் இப்போது படம் பார்த்தால்தான் வருகிறது. அந்த மெட்டுக்குப் படம் தேவையில்லை.

நீ ஆறு வயதில் பஸ்ஸில் சத்தமாகத் தமிழ் கதைப்பாய். சோதனைச் சாவடி வரப்போகிறதென்றால் நானும் அதே மெட்டில்தான் உன்னை அடக்கினேன். மூன்றாம் தரம் கேட்கும்போதுதான் இது உறைத்தது.

கச்சேரி முடிவில் நீயே செய்கிற சின்னத் துண்டுக்கு என் குரல் வேண்டும், முழுக் கதையும் சொல்லுங்கோ என்று கேட்டாய். முழுக் கதை வேண்டாம் பிள்ளை. லொறியையும் கப்பலையும் நான் விவரித்தால் வயோலாவுக்கு அங்கே என்ன வேலை? அந்த ஒரு வசனத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன், நாலு செக்கன். யன்னல் திறந்திருந்ததால் அளுத்கமைக் கோச்சியின் சத்தமும் பின்னால் விழுந்திருக்கிறது. வேண்டாமென்றால் வெட்டிவிடு.

‘குஞ்சு’ வருகிற இடத்தில் வில்லை அழுத்தாதே.

அம்மா