லீட் என்று ஒரு ஊர்

குள்ளா,

முட்டி ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்று உன் மருமகள் போனில் சொன்னாள். நடக்கிறாயா, இல்லை உட்கார்ந்த இடத்திலிருந்தே வீட்டில் எல்லாரையும் நடக்க வைக்கிறாயா? இங்கே எல்லாரும் சௌக்கியம். எனக்குச் சர்க்கரை, உன் தங்கச்சிக்குப் பிரஷர், பாகப்பிரிவினை சண்டையில்லாமல் முடிந்தது. பெரியவன் ஒயிட்ஃபீல்டு டிராஃபிக்கில் குடியிருக்கிறான், அவ்வப்போது வீட்டுக்கும் வந்து போகிறான்.

எழுத உட்கார்ந்தது சின்னவள் விஷயமாக. போனில் சொன்னால் பாதியில் புகுந்து உன் கதையை ஆரம்பித்துவிடுவாய், அதனால் பேப்பரில். அவளுக்கு அமெரிக்காவில் ஆராய்ச்சி வேலை கிடைத்துவிட்டது. டியூன் என்று ஒரு சோதனை. சிகாகோ பக்கத்தில் ஃபெர்மிலாப் என்ற இடத்தில் நியூட்ரினோ என்கிற கண்ணுக்குத் தெரியாத துகள்களின் கற்றையை உண்டாக்கி, பூமிக்குள்ளாகவே 1300 கிலோமீட்டர் அனுப்பி, தெற்கு டகோட்டாவில் ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் பிடிக்கப் போகிறார்களாம். முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன. இவள் இருக்கப்போவது பிடிக்கிற பக்கத்து ஊரில். பெயர் லீட். ஊர் எப்படிம்மா என்று கேட்டேன். "பழைய தங்கச் சுரங்கம்ப்பா. மூடிட்டாங்க" என்றாள், சாதாரணமாக.

உன் தங்கச்சி அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. நான் என்ன செய்தேன்? கோலார் தங்கவயலை, நம் சாம்பியன் ரீஃப்ஸை விட்டு அவ்வளவு பாடுபட்டு வெளியே வந்தது, பெண்ணை இன்னொரு குழிக்கு அனுப்பவா என்று கேட்கிறாள். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சின்னவளைக் கேட்டுக் கேட்டு, அவள் அனுப்பியதையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். பெமல் கம்பெனியில் ஸ்பேர் பார்ட்ஸ் எண்ணி ரிட்டையர் ஆனவனுக்கு இந்த வயதில் வந்த வியாதியைப் பார்.

முதலில் உனக்கு ஒரு நல்ல செய்தி. உங்கப்பா ஜப்பான்காரரைச் சுரங்கத்து லிஃப்டில், அந்தக் கேஜில், இறக்கிய கதை உண்மை. நீ சொல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு ஜப்பான்காரர் கூடிக்கொண்டே போனதால்தான் நாங்கள் யாரும் நம்பவில்லை. வந்தவர் மியாகே, ஒசாகா நகரப் பல்கலைக்கழகம். அதற்கு முன்பே, 1950களின் தொடக்கத்தில், விஞ்ஞானி ஹோமி பாபா சொல்லி பம்பாய் டாட்டா இன்ஸ்டிட்யூட்டிலிருந்து ஸ்ரீகண்டன் வந்து நம் மைன்ஸில் இறங்கியிருக்கிறார். வானத்திலிருந்து வருகிற மியுவான் என்ற துகள் ஆழம் கூடக்கூட எவ்வளவு குறைகிறது என்று அளப்பதற்கு. 1960களில் மியாகேயும் நரசிம்மமும் ரமணமூர்த்தியும் இன்னும் கீழே போனார்கள். அடியில் இரண்டு மாதம் கருவியை வைத்துப் பார்த்தால் ஒரு மியுவான்கூட இல்லை. நம் கணக்கு வாத்தியாராக இருந்தால் பூஜ்யம் போட்டு நோட்டைத் தூக்கி எறிந்திருப்பார். இவர்கள் துள்ளிக் குதித்தார்கள். மேலிருந்து எந்த இரைச்சலும் எட்டாத இடம் கிடைத்துவிட்டதே! எதையும் துளைத்துக்கொண்டு போகிற நியூட்ரினோ வந்தால், அங்கேதான் அதன் தடம் தனியாகத் தெரியும்.

1965இல் தெரிந்தது. 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், பம்பாய், ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் மூன்றும் சேர்ந்து, காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவைப் பிடித்தார்கள். டர்ஹாம்காரர்கள் துகள் போன தடத்தில் மின்னுகிற நியான் ஃப்ளாஷ் டியூப் வித்தையைக் கொண்டுவந்தார்கள். அதே வருடம் தென்னாப்பிரிக்காவில் ரைன்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழுவும் பிடித்தது. அவர்களும் தங்கச் சுரங்கத்தில்தான்! நிகழ்வு அவர்களுக்கு முந்தி, அச்சில் வந்தது நமக்கு முந்தி என்கிறாள் சின்னவள். இதைப் பெஞ்சு மாமாவிடம் சொல்லாதே, ஊர்வலம் கிளப்பிவிடுவார்.

இங்கேதான் என் மண்டை சூடேறியது. ஒசாகாவில் மூளை இருந்தது, பள்ளம் இல்லை. டர்ஹாம் நிலக்கரிக்குப் பேர்போன ஜில்லாதான், ஆனால் கரிக்குழி அவ்வளவு ஆழம் போகாது. பம்பாயில் கடல்தான் இருக்கிறது. மூன்று ஊர்க்காரர்களும் ஒரே கேஜில் நின்றதற்குக் காரணம் 1880களிலிருந்து ஜான் டெய்லர் கம்பெனி தங்கத்துக்காக நம் தாத்தாக்களை வைத்துத் தோண்டிய குழி. நியூட்ரினோவுக்காக ஒரு அடிகூட யாரும் தோண்டவில்லை. கேஜை இழுத்த வைண்டிங் இன்ஜின், தண்ணீர் இறைத்த பம்பு, சுடுகிற பாறை நடுவே கீழே தள்ளிய குளிர்காற்று எல்லாம் தங்கத்தின் செலவு. விஞ்ஞானம் நம் ஊரில் வாடகைக் குடித்தனம். வீட்டுக்காரருக்கு வருமானம் இருக்கிற வரைக்கும் சுகம்.

வருமானம் நின்ற கதை உனக்குத் தெரியும், அதை நான் சொல்ல வேண்டியதில்லை. 1980இல் அணுவுக்குள் இருக்கிற புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்க இரும்புத் தட்டும் குழாயுமாகப் பெரிய கருவியை இறக்கினார்கள், அதிலும் ஒசாகா உண்டு. உலகத்திலேயே அதற்கென்று முதலில் ஓட ஆரம்பித்தவற்றில் ஒன்று. ஜப்பானில் கமியோகா ஆரம்பித்தது 1983இல்தான். ஆழமான பகுதிகளை ஒவ்வொன்றாகக் கைவிட ஆரம்பித்ததும் 1992 வாக்கில் இவர்களும் மூட்டை கட்டினார்கள். 2001 பிப்ரவரி 28, சுரங்கச் சங்கு நின்றது. பம்பும் நின்றது. தண்ணீர் ஏறியது.

இப்போது கமியோகாவைப் பார். அதுவும் சுரங்கம்தான், துத்தநாகம், ஈயம். அங்கேயும் தாது எடுப்பதை நிறுத்தியது அதே 2001இல். ஆனால் அங்கே இருக்கிற சூப்பர் கமியோகாண்டே என்ற நியூட்ரினோ கருவி இன்றைக்கும் ஓடுகிறது. அது மலைக்குள் இருக்கிறது, குகைப் பாதையில் வண்டியிலேயே உள்ளே போய்விடலாம். கேஜ் வேண்டாம், வைண்டர் வேண்டாம், உங்கப்பா வேண்டாம். நம் ஊர் தட்டையான தக்காண பூமி, ஆழம் வேண்டுமென்றால் நேராகக் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். 1998இல் நியூட்ரினோ ஒரு வகையிலிருந்து இன்னொரு வகையாக உருமாறுகிறது என்று அங்கே கண்டுபிடித்து, 2015இல் கஜிதாவுக்கு நோபல் கிடைத்தது. எந்த நியூட்ரினோ என்கிறாய்? காற்றுமண்டலத்தில் பிறப்பது. நம் ஊரில் முதலில் பிடிபட்ட அதே ஜாதி.

சரி, நிலம் அப்படி, யாரைக் குறை சொல்ல என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்புறம் லீட் கதையைப் படித்தேன், தூக்கம் போயிற்று. அந்தச் சுரங்கத்தின் பெயர் ஹோம்ஸ்டேக். அங்கே 1960களிலிருந்து ரேமண்ட் டேவிஸ் என்பவர் துணி வெளுக்கிற டிரை கிளீனிங் திரவத்தைத் தொட்டி நிறைய ஊற்றிவைத்துச் சூரியனின் நியூட்ரினோவைத் தேடியிருக்கிறார். 2002இல் அவருக்கு நோபல், ஏறக்குறைய அதே நேரத்தில் சுரங்கத்துக்கு மூடுவிழா. 2003இல் பம்பை நிறுத்தினார்கள். தண்ணீர் ஏறியது. நேராகக் கீழே போகிற குழி, செத்துப்போன தங்கம், வேலை போன ஊர், எல்லாம் நாம் பார்த்ததுதான். ஆனால் விஞ்ஞானிகள் விடவில்லை. 2006இல் கம்பெனி சுரங்கத்தை மாநிலத்துக்கே கொடுத்துவிட்டது. சான்ஃபோர்டு என்ற பணக்காரர் கோடிக்கணக்கில் அள்ளிக் கொடுத்தார், மாநில அரசும் போட்டது. 2008இல் மறுபடி பம்பை ஓட்டித் தண்ணீரை இறைத்தார்கள். குடித்தனக்காரன் வீட்டை வாங்கிவிட்டான், குள்ளா. அதனால்தான் இன்றைக்கு முப்பது நாடுகள் அங்கே போய் நிற்கின்றன, என் பெண்ணும் போகிறாள்.

நம்முடையது முழுகிக் கிடக்கிறது. யாராவது 2001இல் அப்படி ஒரு பம்பை ஓட்ட முடிந்திருக்குமா? நாடு இருந்த இருப்பில், தொழிலாளிக்குப் பாக்கி கொடுக்கவே வழியில்லாத நேரத்தில், நியூட்ரினோவுக்குத் தண்ணீர் இறை என்று கேட்டால் அடிக்க வந்திருப்போம். நானே வந்திருப்பேன். அது தெரிந்தும் எரிகிறது.

இதைச் சின்னவளிடம் சொன்னால், "இப்ப எல்லாமே ஆன்லைன்தாம்ப்பா, இடமெல்லாம் பெரிசில்ல" என்கிறாள். இப்போதிருக்கும் இடத்திலிருந்தே இரவு எட்டரை மணிக்கு மீட்டிங் போடுகிறாள். சிகாகோவில் காலை பத்து, ஜப்பான்காரருக்கு நள்ளிரவு பன்னிரண்டு. மெஷின் எங்கே இருக்கிறதோ அங்கே பகல், மற்றவன் கண் விழிக்க வேண்டும். இடம் பெரிசில்லையாம்! எம்ஐடியில் தாமஸ் ஆலன் என்பவர் 1970களிலேயே அளந்து பார்த்திருக்கிறார். ஒரே கட்டடத்துக்குள்ளேயே மேசைகளுக்கு நடுவே தூரம் கூடக்கூட இன்ஜினியர்கள் வேலை விஷயம் பேசிக்கொள்வது சரசரவென்று குறைகிறதாம், ஐம்பது மீட்டர் தாண்டினால் ஏறக்குறைய அவ்வளவுதான். இதைச் சொன்னேன். "அதனாலதான் நான் அங்கேயே போறேன்" என்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு சந்தோஷமும் இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் நீ என்னை அழுமூஞ்சி என்பாய். நம் ஊரில் புரோட்டானுக்காக இறக்கினார்களே குழாய்கள், அவை குழிக்குள் செத்துப்போகவில்லை. மேலே ஏற்றி ஊட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே 2200 மீட்டர் உயரத்தில் கிரேப்ஸ்-3 என்று மியுவான் அளக்கிற கருவி இருக்கிறது. கூட்டாளி யார்? மறுபடி ஜப்பான், மறுபடி ஒசாகா. 2014 டிசம்பரில் ஊட்டிக்கு மேலே வந்த ஒரு இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்தது என்று அதில் கண்டுபிடித்தார்கள். குழி போய்விட்டது, பழகிய ஆட்கள் விட்டுப்போகவில்லை. 1960களில் ஒரே கேஜில் வியர்த்தவர்கள் ஆரம்பித்த பழக்கம், அவர்களுடைய மாணவர்கள் காலத்திலும் ஓடுகிறது. ஆழத்தில் மியுவான் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டவர்கள், மலையில் அதே மியுவானை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். போன பொங்கலுக்கு ஊட்டி போய் வர்க்கி வாங்கிக்கொண்டு திரும்பினாயே, அதைப் பார்க்காமல்!

தேனியைப் பற்றி நீ கேட்பாய். பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ கூடம் கட்ட 2015இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது, சுமார் 1500 கோடி. ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், மாநில அரசும் முடியாது என்றது. அது வந்திருந்தால் இவள் இப்படி அயல்நாடு போக வேண்டியிருக்காது என்று உன் தங்கச்சிக்குக் கோபம். எனக்குத் தேனிக்காரர்கள்மேல் கோபம் வரவில்லை. தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைட் மேட்டுத் தூசி சோற்றில் விழ விழச் சாப்பிட்டவன், மலையைத் தொடாதே என்பவனிடம் என்ன வாதாடுவது? நியூட்ரினோ யாரையும் ஒன்றும் செய்யாது, அது எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். வெடி வைக்கிறவன் சொல்கிற வார்த்தையை நம்பலாமா என்பது வேறு கேள்வி, அதற்குச் சின்னவளிடமும் பதில் இல்லை. இதற்குள் சீனாக்காரர்கள் ஜியாங்மென் பக்கத்தில் ஜூனோ என்ற நியூட்ரினோ கூடத்தைக் கட்டி 2025 ஆகஸ்டில் ஓட்டவும் ஆரம்பித்துவிட்டார்கள். நியூட்ரினோ கிளம்புகிற இரண்டு அணுமின் நிலையங்களிலிருந்தும் 53 கிலோமீட்டர் வருகிற மாதிரி அளந்து இடம் பிடித்திருக்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. கீழே பாறை வெடித்து ராக் பர்ஸ்ட் ஆன ராத்திரிகளில் சுரங்க சாஃப்ட் வாசலில் நின்றோமே, நம் அம்மாக்களோடு. அந்த 1965ஆம் வருடத்துக் கட்டுரையின் பெயர் வரிசையைச் சின்னவள் காட்டினாள். எல்லாரும் பெரியவர்கள், தகுதியானவர்கள். உங்கப்பா பெயர் இல்லை, இருக்கவும் நியாயமில்லை. ஆனால் நம் தொழிலாளர் குடியிருப்பு லைனிலிருந்து ஒரு பையன்கூட அந்தக் கதவு வழியே அந்தப் பக்கம் போகவில்லையே. கருவி நம் காலடியில் இருந்தது, நமக்கு அது என்னவென்று சொல்ல ஆளில்லை. பக்கத்தில் இருந்தால் போதும் என்று அந்த ஆலன் சொன்னது எல்லாருக்கும் பொருந்தாது போல.

அவள் அடுத்த மாதம் கிளம்புகிறாள். அதற்குள் நீ வந்தாக வேண்டும், முட்டி, கிட்டி என்று சாக்குச் சொல்லாதே. உங்கப்பாவோடு வேலை பார்த்த வைண்டர்காரர் ஒருவர் ஆண்டர்சன்பேட்டையில் இன்னும் இருக்கிறார் என்று கேள்வி. கேஜ் எத்தனை நிமிடத்தில் அந்த ஆழத்துக்கு இறங்கும், கருவியைப் பிரித்து இறக்கினார்களா, முழுதாகவா என்று சின்னவள் அவரிடம் கேட்க வேண்டுமாம். அவர் வீடு உனக்குத்தான் தெரியும். அப்படியே லைன் வீட்டுப் பேப்பர் விஷயமாக உன் தம்பி யாரையோ பார்க்கச் சொன்னானே, அவர் நம்பரையும் எடுத்துக்கொண்டு வா. ரயிலில் வா, பஸ்ஸில் வேண்டாம். பிரியாணி உன் செலவு.

உன்
ஒட்டடைக்குச்சி