முதலில் கூண்டு, அப்புறம் கோழி

அன்புள்ள அம்மணிக்கு,

கோழி வளர்க்க வாங்கலாம் என்று வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய கூண்டுப் படங்களைப் பார்த்தோம். பொம்மை வீடு மாதிரி இருக்கிறது என்று உங்கம்மா சிரிக்கிறாள். போனில் பேசினால் நடுவில் உனக்கு ஆபீஸ் கால் வந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன்.

அதில் எதுவும் வேண்டாம். பத்துக் கோழிக்கு என்று போட்டிருக்கிறான், கொடுத்திருக்கும் அளவுக்கு நாலு கோழி படுத்தாலே இடிக்கும். ராத்திரி அடைய ஒரு கோழிக்கு 2 சதுர அடியாவது வேண்டும். எட்டுப் பெட்டை, ஒரு சேவல் என்றால் 6 அடிக்கு 4 அடி போதும். உங்கள் ஊர் மதுராந்தகத்திலேயே வெல்டிங் பட்டறையில் இரும்புச் சட்டம் அடித்து வாங்கு. மரக்கூண்டின் இடுக்கில் உண்ணி குடியேறிவிட்டால் போகாது. பகலெல்லாம் ஒளிந்திருந்து ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும்.

மாப்பிள்ளை இருபது சென்ட் நிலத்துக்கும் சங்கிலி வலை அடிக்கக் கணக்குப் போட்டிருக்கிறாராமே? அந்தக் காசில் பாதியைக் கூண்டுக்குத் திருப்பிவிடு. வேலி என்பது பகலில் கோழி அடுத்த வீட்டுக் கத்தரிச் செடியைக் கிளறாமல் இருக்க, தெருநாய் உள்ளே வராமல் இருக்க. கீரிக்கும் மரநாய்க்கும் அது ஒரு பொருட்டே இல்லை. சங்கிலி வலையின் 2 அங்குலக் கண்ணியில் குஞ்சு வெளியே போகும், சின்னக் கீரி உள்ளே வரும். மரநாய் மேலேயே ஏறி வந்துவிடும். ராத்திரி உயிரைக் காப்பது கூண்டுதான். (நான் சொன்னதாக அவரிடம் சொல்லாதே, நீயே யோசித்த மாதிரி சொல்.)

கூண்டுக்குக் கடைக்காரர் அறுகோணக் கண் போட்ட கோழி வலையைத்தான் எடுத்துக் காட்டுவார். கோழியை அடைக்க அது போதும், நாய் பல்லால் இழுத்தால் கிழிந்துவிடும். அரை அங்குலக் கண் வெல்டு மெஷ் கேள், கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பற்றவைத்த வலை அது. எலியும் நுழையாது, பாம்புக்கும் கஷ்டம். கீரி அடியில் மண்ணைத் தோண்டிக்கொண்டு வரும் என்பதால், மெஷ்ஷை ஒன்றரை அடி வெளிப்பக்கமாக மடக்கித் தரையில் விரித்து, மேலே கல்லும் மண்ணும் போட்டுவிடு. கதவுக்குக் கொக்கி மட்டும் போதாது, தாழ்ப்பாள் வை.

அப்புறம் உங்கள் ஊர் மழை. தாராபுரத்தில் எங்களுக்குக் கவலை வெயில் மட்டும்தான். உங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து சாரல் அடிக்கும், புயலும் வரும். உங்கள் ஊர்க் கோயில் ஏரி காத்த ராமர் ஏரியைப் பார்த்துக்கொள்வார், கோழியை நீதான் பார்க்க வேண்டும். போன மழைக்குத் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்தில் விசாரித்து, அதற்கு மேல் ஒரு அடி உயர்த்தி மேடை கட்டு. நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும், வெயில் உள்ளே விழாது. கூரை 2 அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் சுருட்டி ஏற்றும் தார்ப்பாய் கட்டு. ஆனால் கூரைக்குக் கீழே இருக்கும் இடைவெளியை மழையிலும் மூடாதே. கூண்டுக்குள் உன் கண் எரிந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். கோழிக்குச் சளி பிடிக்க அதுவும் ஒரு காரணம். தகரக் கூரை என்றால் மேலே தென்னங்கீற்றுப் போட்டுவிடு. நாலு மூலையிலும் முளையடித்துக் கட்டு.

உள்ளே உமியோ நிலக்கடலைத் தோலோ 3 அங்குலம் பரப்பி, அடிக்கடி கிளறிவிடு. நனைந்த இடத்தை அன்றே அள்ளிப் போடு. உட்கார 2 அங்குல அகலத்தில் முனை மழுக்கிய சட்டம் ஒன்று. முட்டைப் பெட்டி அதைவிடத் தாழ்வாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பெட்டியிலேயே படுத்து அசிங்கம் பண்ணும். ஒரு அடிச் சதுரத்தில் இரண்டு பெட்டி போதும்.

வேலிக்கு அங்கே சவுக்குக் கம்பு எளிதாகக் கிடைக்கும். 8 அடிக்கு ஒன்று நட்டு, 6 அடி உயரத்துக்கு வலை கட்டு. நாட்டுக்கோழியில் சின்ன வகையான சிறுவிடை அதையும் தாண்டும், ஒரு பக்க இறக்கையின் நீளச் சிறகுகளை மட்டும் வெட்டிவிட்டால் அடங்கும். பெரிய வகையான பெருவிடை உடம்பு கனம், அவ்வளவாகப் பறக்காது. ஆனால் முதல் தடவைக்கு சிறுவிடையே நல்லது, நன்றாக அடைகாக்கும். குஞ்சு பொரித்த பிறகு பருந்துக்கும் காக்கைக்கும் பயந்து மேலே பழைய மீன்வலை கட்ட வேண்டி வரும். அந்த வலை கட்டும்வரை பஞ்சாரம் போதும், கவிழ்த்து மூடி வைக்கும் கூடைதான், அடுத்த தடவை வரும்போது நம் வீட்டுப் பஞ்சாரத்தையே கொண்டுவருகிறேன்.

கோழியைத் தை பிறந்த பிறகு வாங்கு. வெள்ளைக்கழிச்சல் என்ற கோழி நோய்க்குத் தடுப்பூசி போட்டதா என்று கேட்டு வாங்கு. வந்ததும் வெளியே விடாதே, ஒரு வாரம் கூண்டிலேயே தீனியும் தண்ணீரும் வை. வீடு எது என்று பழகினால்தான் சாயங்காலம் தானாக வந்து அடையும்.

மெஷ் வாங்கும் முன் கண் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து போட்டோ எடுத்து அனுப்பு, நான் பார்த்துச் சொன்ன பிறகு காசு கொடு.

அன்புடன்,
அப்பா